கல் உருண்டையாக இல்லை

புள்ளியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி அந்த வானாய்வுக்கூடத்தில் வாசல் காவலரிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்காதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கேன்டீன் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டே, முன்னால் இருந்த சர்க்கரை டப்பாவில் எறும்பு விழுந்திருக்கிறது என்று சொன்னாள். கேன்டீன்காரர் சண்டைக்கு வந்தார். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரே ஒரு எறும்பு, அதுவும் குட்டி எறும்பு. "இது எறும்பாம்மா? புள்ளி!" என்று அசடு வழிந்தார். அன்றிலிருந்து அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

வேலையும் பேருக்கு ஏற்ற வேலைதான். குன்றின் உச்சியில் இருந்த பெரிய தொலைநோக்கி வானத்தின் ஒரு துண்டைக் கண்ணாடித் தட்டில் படம் பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விட்டு அதே துண்டை இன்னொரு தட்டில் பிடிக்கும். கழுவிக் காயவைத்த தட்டுகள் காலையில் புள்ளியக்காவின் இருட்டறைக்கு வந்து சேரும். தட்டில் எல்லாமே தலைகீழ். வானம் வெள்ளை, நட்சத்திரங்கள் கறுப்பு. மிளகுத்தூள் கொட்டிய வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். இரண்டு தட்டுகளையும் ஒரு கருவியில் பொருத்தி, ஒற்றைக் குழாயில் கண்ணை வைத்து, பக்கத்தில் இருக்கும் பிடியைத் தட்டினால், டக் என்று முதல் தட்டு தெரியும். இன்னொரு டக், இரண்டாவது தட்டு தெரியும். நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். எந்தப் புள்ளியாவது இடம் மாறிக் குதித்தால், அது நட்சத்திரம் இல்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் கற்களில் ஒன்று. சிறுகோள் என்பார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் குதிக்கிற ஒற்றைப் புள்ளியை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். முக்கால்வாசி நாட்கள் ஒன்றும் குதிக்காது. கழுத்து வலிதான் மிச்சம்.

குதிக்கிற புள்ளி அகப்பட்டால் இன்னும் இரண்டு வேலைகள். அது எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும். எவ்வளவு பிரகாசம் என்றும் பார்க்க வேண்டும். பிரகாசத்துக்குத் தனிக் கருவியெல்லாம் அங்கே கிடையாது. புள்ளி பெரிதாக இருந்தால் பிரகாசம் அதிகம், சிறிதாக இருந்தால் குறைவு. பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களில் எது எவ்வளவு பிரகாசம் என்று முன்பே தெரியும். அவற்றோடு ஒப்பிட்டு, இது அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அதைவிடக் கொஞ்சம் சிறிசு என்று கண்ணால் எடைபோட்டு ஓர் எண் எழுதுவது வழக்கம். கண் தராசு மாதிரி நிற்க வேண்டும். புள்ளியக்காவின் கண் அப்படி நின்றது.

தொலைநோக்கியை இயக்குகிறவருக்கு ஆந்தை என்று பேர். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவரே போனில், "ஆந்தை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். காலையில் வீட்டுக்குப் போகும் வழியில், கண் சிவக்கச் சிவக்க, இருட்டறை வாசலில் வந்து நிற்பார்.

"என்னக்கா, ஏதாவது குதிச்சுதா?"

"நீங்க பிடிச்ச தட்டுல தூசிதான் குதிக்குது."

"தூசியா இருந்தாலும் என் தூசிக்கா. நல்லாப் பாருங்க."

அவர் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிடும்போது அவர் மட்டும் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்!

ஒரு நாள் நிஜமாகவே குதித்தது. தட்டின் ஓரத்தில், யாரும் கவனிக்காத மூலையில், அழுத்தமான ஒரு புள்ளி. தெரிந்த சிறுகோள்களின் அட்டவணையை இரண்டு தடவை புரட்டிவிட்டாள். அந்த இடத்தில் எதுவும் இருக்கக்கூடாது. அடுத்த நாள் வந்த தட்டுகளிலும் அது இருந்தது, கொஞ்சம் தள்ளி, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. புதுக் கல்! புள்ளியக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. இயக்குநர் அறைக்கு ஓடியவள், கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டாள். அவர் எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார். அந்தக் கூடத்தில் அதற்கு முன்னால் யாரும் புதுக் கல் கண்டுபிடித்ததில்லை.

அந்தப் பருவம் முழுக்க அந்தக் கல்லை விடாமல் படம் பிடித்தார்கள். வெவ்வேறு நிறக் கண்ணாடிகள் வழியாகவும் பிடித்துப் பார்த்ததில், கல்லின் ஒளியில் லேசான சிவப்பு ஏறியிருந்தது. கரி மாதிரி இருண்ட வகை இல்லை, பாறை வகை. உள்ளே கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும் என்று இயக்குநர் சொன்னார். ஒரு சின்ன நகரத்தைக் கவிழ்த்து மூடும் அளவு இருக்குமாம். புள்ளியக்காவின் தம்பி பஸ் ஓட்டுகிறவன். "ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்கு பஸ்ஸுல கால் மணி நேரம் ஆகும்ல? ஒரு ரூட்டு போடலாம்க்கா" என்றான். தம்பி மனைவிக்கு வேறு கவலை.

"அண்ணி, அது நம்ம தலையில விழுமா?"

"அதுக்குச் சூரியனைச் சுத்தவே நேரம் பத்தல. நம்ம தலையெல்லாம் அது கண்ணுல படுமா?"

பிரகாசத்தைப் பொறுத்தவரை கல் படு ஒழுங்கு. எந்தத் தட்டை எடுத்தாலும் ஒரே அளவு. சில கற்கள் சுழலும்போது கூடிக் குறையும் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நீளமான கல் என்றால் அகலப் பக்கம் நம்மைப் பார்க்கும்போது பிரகாசம், முனை நம்மைப் பார்க்கும்போது மங்கல். இந்தக் கல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே பந்து மாதிரி உருண்டையானது என்று இயக்குநர் கட்டுரை எழுதி அனுப்பினார். அது அச்சிலும் வந்தது. கூடத்தில் அந்தக் கல்லுக்கே 'உருண்டை' என்று செல்லப்பேர் விழுந்துவிட்டது. அச்சான பக்கத்தைத் தம்பி மனைவி சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினாள். அதில் புள்ளியக்காவின் பேர் கடைசி வரியில் நன்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அது போதும் என்று அவள் நினைத்தாள். மனதார நினைத்தாள்.

இந்த இடத்தில் அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா தையல்காரி. இப்போது புள்ளியக்காவுக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அந்த வயதில் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோப்பது சிரமமாயிற்று. பிறகு தையல் கோணியது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசியில் பகலா இரவா என்று பிள்ளைகளைக் கேட்டாள். குளியலறைக்கும் கடைக்கும் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனது புள்ளியக்காதான். பார்த்த டாக்டர், இது குடும்பத்தில் தொடர்கிற நோய், பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொல்லியிருந்தார். 'வரலாம்' என்ற சொல் அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அது எழுந்து போகவில்லை.

உருண்டை சூரியனுக்குப் பின்பக்கம் போய் மறைந்தது. அது திரும்பவும் நன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்த கல்லின் முதல் தட்டுகளைக் கருவியில் பொருத்திய அன்று, பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிற குஷியில் இருந்தாள் புள்ளியக்கா. குழாயில் கண்ணை வைத்தாள்.

டக். புள்ளி பெரிதாக இருந்தது.

டக். புள்ளி சிறிதாக இருந்தது.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பெரிது, சிறிது. முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். பெரிது, சிறிது. அடுத்த நாள் வந்த தட்டுகளில் இரண்டும் ஒரே அளவாக இருந்தன. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். அதற்கடுத்த நாள் தட்டுகளில் மறுபடியும் சிறிது, பெரிது. இந்தக் கல் மாறாத கல். அவளே அளந்தது, இயக்குநரே எழுதியது, அச்சிலேயே வந்தது. கல் மாறவில்லையென்றால் மாறியது எது? அம்மாவின் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. இருட்டறையில் தனியாக உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

அழுது முடித்து என்ன செய்தாள் என்று கேட்டால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. இரண்டு தட்டுக்கும் ஒரே எண்ணை எழுதினாள். பழைய எண்ணை. கல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி எழுதினாள். தான் பொய் எழுதுவதாகவே அவள் நினைக்கவில்லை. பழுதான தராசு காட்டுவதை எழுதாமல், பொருளின் சரியான எடையை எழுதுகிறோம் என்றுதான் நினைத்தாள். கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் மறுநாளே இருட்டறையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. கல்யாணம் என்று ஒரு பேச்சு வந்து நின்றுபோன பிறகு, காலையில் எழுந்தால் கால்கள் தானாக நடந்து போகிற ஒரே இடம் அதுதான்.

கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் உறுதியாகிவிடும் என்ற பயம். அதற்குப் பதிலாக, குருடியாக வாழப் பழகிக்கொள்ள ஆரம்பித்தாள்! சமையலறை டப்பாக்களைத் தடவியே கண்டுபிடிக்க, உப்பு டப்பாவில் ஒரு ரப்பர் வளையம், சர்க்கரைக்கு இரண்டு. படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். கண்ணில் துணி கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கி, விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். தம்பி மனைவி கட்டுப்போட்டுவிட்டாள்.

"என்ன அண்ணி இது, கண்ணாமூச்சி ஆடற வயசா உங்களுக்கு?"

"வெங்காயம் கண்ணெரியுது. அதான் துணி கட்டினேன்."

"எரியாம நறுக்க நான் எதுக்கு இருக்கேன்? கத்தியைக் கொடுங்க இங்க."

தம்பி சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூக்கு, காதோரம் நரைத்த மயிர், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் விழும் குழி, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். அவனுக்குச் சோறு இறங்காது. "ஏன்க்கா முறைக்கற? நான் என்ன பண்ணேன்?" என்பான். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். என்ன ஆனது என்று மட்டும் ஒருவருக்கும் புரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வேறெந்தக் கல்லிலும் அவளுக்குத் தடுமாற்றம் வரவில்லை. சர்க்கரையில் எறும்பு தெரிந்தது. தெருமுனையில் திரும்பும்போதே பஸ் நம்பர் தெரிந்தது. நோய் இன்னும் முற்றவில்லை, நுணுக்கமான இடத்தில் ஆரம்பித்திருக்கிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயந்தவளுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது? உருண்டை இன்னொரு தடவையும் போய்த் திரும்பி வந்தது. அப்போதும் பெரிது, சிறிது. அப்போதும் பழைய எண்ணையே எழுதினாள்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. வேறொரு நாட்டு வானாய்வுக்கூடத்தில், ஒளியை மின்சாரத்தால் அளக்கும் புதுக் கருவியைத் தொலைநோக்கியில் மாட்டி, இதே கல்லை அது திரும்பி வந்த இரண்டு தடவையும் தொடர்ந்து அளந்திருக்கிறார்கள். இயக்குநர் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆந்தையையும் தூக்கத்திலிருந்து எழுப்பி வரவழைத்திருந்தார்கள். பனியனுக்கு மேல் சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு வந்து, புள்ளியக்காவின் பக்கத்தில் நின்றார்.

இயக்குநரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"உருண்டை உருண்டையா இல்ல" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக் கிடையாகப் பிடித்தார்.

"கல்லு இப்படி நீளமா இருக்கு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரின்னு வெச்சுக்கங்க. சுமார் அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு சுத்து சுத்துது. ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை பிரகாசம், ரெண்டு தடவை மங்கல். கொஞ்ச நஞ்சமில்ல, ஒளி பாதியாக் குறையுது!" பேனாவை விரலுக்கிடையில் சுழற்றிக் காட்டினார். முனை தெரிந்தது, பக்கம் தெரிந்தது, மறுபடி முனை தெரிந்தது. "நாம கண்டுபிடிச்ச வருஷம் அதோட அச்சு நம்மள நோக்கி இருந்திருக்கு. மேலேருந்து பாத்தா எப்படிச் சுத்தினாலும் ஒரே மாதிரிதானே தெரியும்? அதனால அப்ப மாறல. அது நம்ம தப்பில்ல. ஆனா அடுத்த தடவையும், அதுக்கடுத்த தடவையும் நல்லா மாறியிருக்கு. நம்ம எண்ணுல மட்டும் மாறல. ஏன்?"

புள்ளியக்காவுக்குக் காது அடைத்தது. மாறியிருக்கிறது என்றா சொன்னார்? அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டைக்குள் ஏறவில்லை.

இயக்குநர் ஆந்தையின் பக்கம் திரும்பினார். "தட்டுல இருந்திருந்தா புள்ளியக்கா கண்ணுல படாம போயிருக்காது. அவங்க கண்ணு அப்படி. அப்ப, தட்டுலயே இல்ல. நேரத்துக்குப் படம் பிடிக்கலயா? மேகத்துல பிடிச்சீங்களா? இல்ல தொலைநோக்கியைப் போட்டுட்டுத் தூங்கினீங்களா?"

"சார், நானா?" ஆந்தைக்கு வாய் குழறியது. "என் வேலையில தூக்கமா? கேட்டுப் பாருங்க சார், யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க!"

"தட்டு பொய் சொல்லாது. பிடிச்ச ஆளு பொய் சொல்லியிருக்கணும். விசாரணை முடியறவரைக்கும் தொலைநோக்கிப் பக்கம் போகாதீங்க. சாவியை வெச்சிட்டுப் போங்க."

ஆந்தை பையில் கையை விட்டுச் சாவியைத் தேடினார். ஒரு பையில் கிடைக்காமல் அவர் மறு பையையும் தடவியதைப் பார்த்ததும் புள்ளியக்காவுக்குள் என்னவோ உடைந்தது. பேசாமல் இருந்துவிடலாம். யாரும் அவளைச் சந்தேகப்படவே இல்லை. பேசினால் கண் போன கதை வெளியே வரும், இருட்டறை போகும். ஆனால் இந்த மனுஷன் ராத்திரி ராத்திரியாகக் குளிரில் நின்று பிடித்த தட்டுகள் அவை.

"சார், அவர் மேல தப்பில்ல" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "தட்டுல இருந்துது. பெரிசும் சிறிசுமா மாறிக்கிட்டுதான் இருந்துது. நான் பாத்தேன். நான்தான் எழுதல."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தீங்களா? பாத்துட்டு எழுதலயா?"

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு சார். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு. கல்லு மாறாதுன்னு நீங்களே எழுதினீங்க. அப்ப என் கண்ணுதான் மாறுதுன்னு நினைச்சேன். ஒரே புள்ளி ஒரு தட்டுல பெரிசாத் தெரியும், இன்னொண்ணுல மங்கலாத் தெரியும். வேலை போயிடும்னு பயந்து பழைய எண்ணையே எழுதிட்டேன்."

சொல்லி முடித்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யாராவது பாவம் என்று சொல்வார்கள், அதை எப்படித் தாங்குவது என்றுதான் பயந்தாள். யாரும் சொல்லவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஆந்தை மட்டும், தூக்கக் கலக்கத்தில் கணக்கு கேட்கிறவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்:

"பக்கத்து நட்சத்திரமெல்லாம்?"

"என்னது?"

"கல்லைப் பக்கத்துல இருக்கற நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தானேக்கா எழுதுவீங்க? கண்ணு மங்கினா அதுங்களும் சேர்ந்துல்ல மங்கியிருக்கணும்? அதுங்க மங்கிச்சா?"

புள்ளியக்கா தலையில் இடி விழுந்தாற்போல நின்றாள். நட்சத்திரங்கள் மங்கவில்லை. ஒரு நாள்கூட மங்கவில்லை. கல் ஒன்று மட்டும்தான் ஏறி இறங்கியது. சுற்றியிருந்தவை எல்லாம் ஆணி அடித்தாற்போல அப்படியே நின்றன. ஒரு கல்லை மட்டும் தேர்ந்தெடுத்து மங்கலாக்குகிற கண் நோய் உலகத்தில் எங்கே இருக்கிறது? நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். இத்தனை வருஷம் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டே பிழைத்தவளுக்குத் தோன்றவில்லை. அம்மாவின் நோய் அவள் கண்ணுக்கு வரவில்லை. மூளைக்கு வந்துவிட்டது.

"மங்கல" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

எல்லோரும் இருட்டறைக்குப் போனார்கள். பழைய தட்டுகளை எடுத்து அவளே பொருத்தினாள். கை பழக்கத்தில் செய்தது. குழாயில் கண்ணை வைத்தாள். டக், டக். கல் சிறுத்துப் பெருத்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் துளி அசையாமல், துளி குறையாமல் நின்றன. தட்டுகளை வலம் இடமாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எந்தத் தட்டில் சிறிதோ அந்தத் தட்டிலேயே சிறிதாக இருந்தது. விலகிக்கொண்டு இயக்குநருக்கு இடம் கொடுத்தாள். பழக்கமில்லாத அவர் கண்ணுக்கே அது பளிச்சென்று தெரிந்துவிட்டது. "அடக் கடவுளே" என்றார். ஆந்தையும் குனிந்து பார்த்தார். தான் பிடித்த தட்டுகளைத் தானே பிடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

புள்ளியக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் இருக்கிறது! அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கதவு இடுக்கில் வந்த வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெங்காயத்தோடு நறுக்கிக்கொண்ட தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பார்வை இருக்கும்போதே பார்வையில்லாமல் வாழ்ந்து தீர்த்த நாட்களை நினைத்துக்கொண்டாள். அந்த நாட்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

வெளியே வரும்போது ஆந்தை வராந்தாவில் நின்றிருந்தார். சாவி மறுபடி அவர் பையில் இருந்தது. அவள் கும்பிடப்போனாள். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தினமும் காலையில வந்து வாசல்ல நின்னேனேக்கா. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

அவர் திட்டியிருந்தால் தேவலை. அவர் படியிறங்கிப் போகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும் அவள் பேரைச் சொல்லி உட்காரச் சொன்னார். சம்பளப் பட்டியலில் இருக்கிற பேர். அதைக் கேட்டதுமே அவளுக்கு நெஞ்சு திக்கென்றது.

"கண்ணு கெட்டுப்போயிருந்தா பரவாயில்லம்மா" என்றார். அவர் கோபமாக இல்லை. ராத்திரி தூங்காத முகம். "கண்ணாடி போட்டுக்கலாம், இல்ல இன்னொரு ஆளைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கலாம். ஆனா நீங்க பாத்ததை எழுதல. இருக்கணும்னு நினைச்சதை எழுதினீங்க. இப்ப உங்க கையெழுத்துல இருக்கற எந்தக் கல்லோட எண்ணைப் பாத்தாலும், இது பாத்ததா, நினைச்சதான்னு எனக்குச் சந்தேகம் வருது. அத்தனையையும் முதல்லேருந்து வேற ஆளை வெச்சு அளக்கணும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

மற்ற கற்களையெல்லாம் சரியாகத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது சத்தியமான உண்மை. ஆனால் தன் வாயிலிருந்து வரும் உண்மைக்கு இந்த அறையில் இனி எடை கிடையாது என்பது அவளுக்குப் புரிந்தது.

"வேலையை விட்டு அனுப்பல. கீழே அலுவலகத்துல ஒரு இடம் இருக்கு. இருட்டறைச் சாவியைக் கொடுத்துடுங்க."

கொடுத்துவிட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போய்த் தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். தம்பி மனைவி அழுதாள், பிறகு திட்டினாள், திட்டிக்கொண்டே உப்பு டப்பாவிலிருந்தும் சர்க்கரை டப்பாவிலிருந்தும் ரப்பர் வளையங்களைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதா அண்ணி? போனது போகட்டும், ஒரு தடவை டாக்டர்கிட்டப் போய்ப் பாத்துடலாம். மனசுல இருக்கற பேய் ஒரேடியா ஓடட்டும்" என்றாள். அடுத்த லீவு நாளில் வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனாள்.

கண் டாக்டர் இளம் பெண். அறையின் அந்தக் கோடியில் விளக்கு வைத்த எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார். புள்ளியக்கா மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை தடங்கலில்லாமல் படித்தாள். இன்னொரு கண்ணை மூடச் சொன்னார். அதையும் படித்தாள். அதோடு நிற்காமல், பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் படித்துவிட்டாள். டாக்டர் எழுந்து பலகைப் பக்கம் போய், குனிந்து, அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. திரும்பி வந்து, கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்து, உள்ளே வெகுநேரம் பார்த்தார். தம்பி மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மாவுக்கு இருந்த நோயோட அறிகுறி துளிகூட இல்ல" என்றார் டாக்டர். "அது வர்ற வயசும் தாண்டியாச்சு. நிம்மதியா இருங்க. நானும் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன், இப்படி ஒரு கண்ணைப் பாத்ததே இல்லம்மா. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என்ன வேலை பாக்கறீங்க?"

தம்பி மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆபீஸ்ல தபால் கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டறேன்" என்றாள் புள்ளியக்கா.